லோ பேண்ட் போட்டிக்கு நிலையத்தைத் தயார் செய்வது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஹாம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களிடமிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். குறித்த நேரத்துக்குள் இயன்றவரை அதிக நிலையங்களைத் தொடர்புகொள்ளும் வானொலிப் போட்டிகள் நடக்கும், ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடியும் பருவத்தில் 160, 80 மீட்டர் பேண்டுகளில் இயங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது; அதைத் தடுக்கும் ஐயங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்ப நிலத்தில் அமைத்த நிலையத்தில் நான் கற்றுக்கொண்டதை வைத்து, அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் பல, முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பவை.

லோ பேண்டுன்னா எதெல்லாம்? நாம தினமும் பேசுற 40 மீட்டரும் அதுல சேருமா?

சேரும். போட்டி உலகில் 160, 80, 40 ஆகிய மூன்று மீட்டர் பேண்டுகளையும், அதாவது 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை, லோ பேண்ட் என்று குறிப்பிடுவார்கள். இவற்றுள் 160 மீட்டருக்கு டாப் பேண்ட் என்ற பெயரும் உண்டு. கால் அலைநீளக் கம்பி 40 மீட்டர் பேண்டில் சுமார் 10 மீட்டரும், 80 மீட்டர் பேண்டில் 20 மீட்டரும், 160 மீட்டர் பேண்டில் 40 மீட்டரும் வரும். 40 மீட்டர் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த நேர்க் கம்பி ஆன்டெனா) நம்மில் எல்லோரிடமும் இருப்பதால், இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி 160 மீட்டரைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்த பேண்டுகளின் எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன. ஆகவே கம்பியை வெட்டுவதற்கு முன், உங்கள் உரிமத்தின் தரத்துக்கு எந்த அதிர்வெண் எல்லையும் எவ்வளவு திறனும் அனுமதிக்கப்பட்டுள்ளன என்பதை நடப்பு விதிகளில் பார்த்து ஒரு தாளில் எழுதி ரிக்கின் (ஒலிபரப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) மேல் ஒட்டிவிடுங்கள். போட்டியின் நடு இரவில் தூக்கக் கலக்கத்தில் நினைவை நம்பக் கூடாது.

சார், 160 மீட்டர்ல பகல் பூரா கேட்டுப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. என் ரிக் கெட்டுப்போச்சா?

ரிக் நன்றாகவே இருக்கிறது. பகலில் சூரிய ஒளியால் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் உருவாகும் டி அடுக்கு, தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு விரைவாகக் கரைந்து, மேலே இருக்கும் அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்ப வழி கிடைக்கிறது. பகலில் உள்ளூர் மத்திய அலை வானொலி மட்டும் கேட்பதும், இரவில் தொலைவான நிலையங்கள் வந்து குவிவதும் இதே காரணத்தால்தான்.

அதனால் 160 மீட்டரில் நம்முடைய நாள் மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த இரவிலும் சூரியன் மறையும் அரை மணி நேரமும் உதிக்கும் அரை மணி நேரமும் மிகவும் விலைமதிப்புள்ளவை. அந்த நேரத்தில் பாதையின் ஒரு முனை இருளின் விளிம்பில் இருப்பதால் ஒலி சட்டென்று உயர்ந்து, சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

எந்தெந்தப் போட்டியில கலந்துக்கலாம்? நம்ம நேரப்படி எப்போ ஆரம்பிக்கும்?

சிக்யூ வேர்ல்டு வைடு போட்டியின் குரல் பகுதி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் பகுதி நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலும் நடக்கின்றன. இரண்டும் உலகப் பொது நேரம் சனி 0000 மணிக்கு, அதாவது நமக்குச் சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கி 48 மணி நேரம் நடக்கும். டாப் பேண்டுக்கென்றே உள்ள சிக்யூ 160 போட்டி, ஜனவரி இறுதியில் மோர்ஸிலும் பிப்ரவரி இறுதியில் குரலிலும் நடக்கிறது. அது வெள்ளி 2200 மணிக்கு, நம் கணக்கில் சனி அதிகாலை 3.30 மணிக்குத் தொடங்கும். சிக்யூ 160 போட்டியில் தனியாள் 48 மணி நேரத்தில் 30 மணி நேரம் மட்டுமே இயங்கலாம். டிசம்பர் இறுதியில் வரும் ஸ்டூ பெர்ரி போட்டி, தொடர்புகளின் தொலைவை வைத்துப் புள்ளி தருகிறது. அதைப் பற்றித் தனிக் கேள்வி ஒன்று கீழே உள்ளது.

தொடக்க நேரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நவம்பர் இறுதியில் தர்மபுரியில் சூரியன் உதிப்பது சுமார் 6.20 மணிக்கு. போட்டி 5.30 மணிக்குத் தொடங்கினால், முதல் 50 நிமிடங்களே அன்று காலையில் லோ பேண்டின் முழு வாய்ப்பும் ஆகும். திங்கள் காலை 5.29 மணிக்குப் போட்டி முடிந்துவிடுவதால் மூன்றாவது சூரிய உதயம் நமக்குக் கிடைக்காது. எனவே சனி அதிகாலை 4.30 மணிக்கே ரிக் சூடாகி, கணினியில் பதிவு மென்பொருள் திறந்து, ஆன்டெனா சரிபார்க்கப்பட்டு எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். 6 மணிக்கு எழுந்து கேபிளைத் தேடுபவர், கிடைக்கும் இரண்டு உதயங்களில் ஒன்றை இழந்துவிடுகிறார்.

எங்க வீட்டுல டவர் இல்லை. தோட்டத்துல தென்னை மரம்தான் இருக்கு. அது போதுமா?

தாராளமாகப் போதும். 17 அல்லது 18 மீட்டர் உயரத் தென்னை ஒன்று இருந்தால், அதற்குப் பக்கத்தில் செங்குத்தாக ஏறி, உச்சியிலிருந்து கிடையாகத் திரும்பி அடுத்த தென்னையையோ புளிய மரத்தையோ நோக்கிச் செல்லும் கம்பியை அமைக்கலாம். மொத்த நீளம் சுமார் 40 மீட்டர். தலைகீழ் எல் என்று அழைக்கப்படும் இந்த ஆன்டெனாவே உலகெங்கும் டாப் பேண்டில் புதிதாக நுழைபவர்களின் முதல் தேர்வாக இருக்கிறது. டைபோலை 160 மீட்டருக்குக் கட்டினால் ஏறத்தாழ 78 மீட்டர் நீளம் வேண்டும். அதை 15 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலையில் பெரும்பகுதி நேர் மேலே போகும். அது சேலம், பெங்களூருக்கு நன்றாகக் கேட்கும். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேருவது கடினம்.

கம்பியை மரத்தோடு ஒட்டிக் கட்டாதீர்கள். ஈரமான மரமும் மட்டையும் ஒத்திசைவை இழுத்துக்கொண்டு போகும். தேங்காய் பறிக்க வருபவரிடம் சொல்லி உச்சிக்குக் கீழே ஒரு கப்பியைக் கட்டச் செய்து, அதன் வழியே நைலான் கயிற்றை ஓட்டி, கம்பி மரத்திலிருந்து ஒரு மீட்டராவது விலகி நிற்கும்படி இழுத்துக் கட்டுங்கள். மறுமுனைக் கயிற்றில் மணல் நிரப்பிய குடத்தைத் தொங்கவிட்டால், காற்றில் மரம் ஆடும்போது குடம் ஏறி இறங்கும், கம்பி அறாது. மின்கம்பிக்கு மேலாகவோ அருகிலோ ஆன்டெனாக் கம்பி போகவே கூடாது; அறுந்து விழுந்தால் எங்கே விழும் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்க பூமியில ரெண்டடி தோண்டினா பாறை. எர்த் ராடு இறங்கவே மாட்டேங்குது. அப்புறம் எப்படி?

எர்த் ராடு இறங்காதது பெரிய குறையில்லை, ஏனென்றால் 160 மீட்டர் ஆன்டெனாவுக்கு எர்த் ராடு மின்னல் பாதுகாப்புக்குத்தான் உதவும். அலையை அனுப்ப உதவாது. உதவுபவை ரேடியல்கள், அதாவது ஆன்டெனாவின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலத் தரையில் பரப்பும் கம்பிகள். நம் பக்கத்துச் செம்மண்ணும் கருங்கல் பாறையும் மின்சாரத்தைக் கடத்துவதில் மிகவும் ஏழ்மையானவை. கடற்கரையில் இருப்பவருக்கு உப்பு நீர் இலவசமாகத் தருவதை நாம் செம்புக் கம்பியால் ஈடுகட்ட வேண்டும்.

தரையில் கிடக்கும் ரேடியல்களின் நீளத்தைத் துல்லியமாக அளக்கத் தேவையில்லை. எண்ணிக்கைதான் முக்கியம். 40 மீட்டர் நீளத்தில் 4 கம்பிகளைப் போடுவதைவிட 20 மீட்டர் நீளத்தில் 16 கம்பிகளைப் போடுவது நல்லது. 24 அல்லது 32 போட முடிந்தால் இன்னும் நல்லது. இடம் ஒரு பக்கம் குறுகினால் அந்தப் பக்கம் குறுகிய கம்பிகளைப் போடுங்கள். கம்பிக்கு நான் போகும் இடம் போர்வெல் மோட்டார் ரீவைண்டிங் கடை. சப்மெர்சிபிள் மோட்டாரிலிருந்து கழற்றிய பழைய வைண்டிங் கம்பி எடைக்குக் கிடைக்கும். அதன் மேலுறை அங்கங்கே உரிந்திருந்தாலும் ரேடியலுக்கு ஒரு குறையும் வராது. எல்லாக் கம்பிகளையும் ஓர் எவர்சில்வர் தட்டில் சுற்றிலும் துளையிட்டு, எவர்சில்வர் போல்ட் நட்டால் முடுக்கிவிடுங்கள். தட்டின் நடுவில், ரிக்கிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் வெளி உறை சேரும். கம்பியைத் தரையோடு பிடித்து வைக்க, ஜி.ஐ. கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்துக் குத்தினால் போதும்.

எங்கள் நிலத்தில் மானாவாரிக் கேழ்வரகு அறுவடை மார்கழிக்குள் முடிந்துவிடுவதால், அதன் பிறகு அந்த நிலம் முழுவதும் ரேடியலுக்குக் கிடைக்கிறது. ஜனவரிப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நாமே திட்டமிட்டாலும் செய்திருக்க முடியாது.

4 ரேடியல் போட்டப்போ எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 இருந்துச்சு. கஷ்டப்பட்டு 24 ஆக்கினேன், இப்போ 1.7 ஆயிடுச்சு. கெடுத்துட்டேனா?

இல்லை, ஆன்டெனா சிறந்துவிட்டது என்பதற்கான சான்றுதான் அது. எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ரிக் எதிர்பார்க்கும் 50 ஓமோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம். மிகவும் மனம் தளர்ந்து கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். நாம் அமைத்த தலைகீழ் எல் ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் திறனைக் குறிக்கும் தடை, சுமார் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 4 ரேடியல் இருந்தபோது நில இழப்பு 30 ஓம் என்றால், ரிக் பார்ப்பது 50 ஓம்; எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக 1 அருகில் நிற்கும். ஆனால் 100 வாட்டில் 40 வாட்தான் வானுக்குப் போகிறது, மீதி 60 வாட் மண்புழுவுக்குப் போகிறது. 24 ரேடியலால் நில இழப்பு 10 ஓமாகக் குறைந்தால், ரிக் பார்ப்பது 30 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர். 1.7 ஆகும். வானுக்குப் போவதோ 67 வாட். இது ஏறத்தாழ 2.2 டெசிபெல் ஆதாயம், ஒரு பைசா மின்சாரம் கூடுதலாகச் செலவழிக்காமல் கிடைத்தது.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நில இழப்பையும் கதிர்வீச்சையும் பிரித்துக் காட்டாது. திறனை வெறும் வெப்பமாக்கும் டம்மி லோடுக்கும் அது 1.0 என்றுதான் காட்டும். 1.7 உங்கள் ரிக்குக்குப் பிடிக்கவில்லையென்றால் கம்பியின் மொத்த நீளத்தை 50 மீட்டர் அளவுக்குக் கூட்டி, அடியில் ஒரு மாறும் மின்தேக்கியைத் தொடராக இணைத்து ஒத்திசையுங்கள். நீளம் கூடுவதால் தடையும் 50 ஓம் பக்கம் ஏறிவிடும். பழைய வால்வு ரேடியோவில் இருந்த கேங் கண்டென்சர் 100 வாட்டுக்குப் பெரும்பாலும் தாங்கும். அதை மழை படாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

100 வாட் போதுமா, இல்லை ஆம்ப்ளிஃபையர் வாங்கிடலாமா?

திறனை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். முந்தைய பதிலில் ரேடியல்கள் தந்த 2.2 டெசிபெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; எது மலிவு என்பது தெரிந்துவிடும். சிக்யூ வேர்ல்டு வைடு போட்டியில் 100 வாட்டுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மேலும், போட்டிக்காக உலகைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் நம்முடையதான மண்டலம் 22, 160 மீட்டரில் அரிதாகவே கேட்கும் மண்டலம் என்பதால், உங்கள் குரல் மெலிதாக இருந்தாலும் எதிர்முனையில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு உங்களைத் தேடுவார். அவர் பதில் சொல்வதை நீங்கள் கேட்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. அடுத்த சில பதில்கள் அதைப் பற்றியவை.

விநாடிக்கு ஒரு தடவை 'டக், டக்'னு அடிக்குது. ராத்திரி ஏற ஏற அதிகமாகுது. இது என்ன?

பெரும்பாலும் சோலார் மின்வேலி. தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் ஆகிய பகுதிகளின் காட்டோர நிலங்களில் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சி அமைத்திருக்கும் இந்த வேலிகள், சுமார் விநாடிக்கு ஒருமுறை உயர் மின்னழுத்தத் துடிப்பை அனுப்புகின்றன. வேலி நல்ல நிலையில் இருந்தால் பெரிதாகத் தொல்லை இல்லை. கம்பி எங்கேனும் செடியையோ துருப்பிடித்த முடிச்சையோ தொட்டுப் பொறி எழுப்பினால், அந்தப் பொறிதான் ஒலிபரப்பியாகிவிடுகிறது. பனி இறங்க இறங்க இலை நனைந்து கசிவு கூடுவதால் பின்னிரவில் ஓசை ஏறுகிறது.

ஒரு தை மாதத்தில் எனக்கும் இதே தொல்லை வந்தது. மத்திய அலை உள்ள சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் அனுமதியோடு வேலியை ஒட்டி நடந்தேன். டிரான்சிஸ்டரைத் திருப்பத் திருப்ப ஓசை ஏறி இறங்குவதை வைத்துத் திசை பிடிக்கலாம். மூலைக் கல்லுக்கு அருகில் வந்தபோது அந்த டக் ஒலி ரேடியோவில் மட்டுமல்லாமல் வெறும் காதுக்கே கேட்டது. உன்னிச்செடியின் ஒரு கிளை, சுட்டுவிரல் கனம் கூட இருக்காது, இரண்டாவது கம்பியின் மேல் சாய்ந்திருந்தது. அது தொடும் இடத்தில் பட்டை கருகி, ஒவ்வொரு துடிப்புக்கும் நீலப் பொறி ஒன்று எழுந்து மறைந்தது. பெரியவர் வேலியின் இணைப்பை நிறுத்திவிட்டு அந்தக் கிளையை வெட்டினார். இரண்டு துருப்பிடித்த முடிச்சுகளையும் தேய்த்து இறுக்கிக் கட்டினோம். அன்றிரவு ஒலியின் வலிமையைக் காட்டும் என் எஸ் மீட்டர் மூன்று கோடு இறங்கி நின்றது. கசிவு நின்றதால் அவருடைய வேலியின் வீச்சும் கூடியது.

போட்டிக்காக வேலியை நிறுத்தும்படி யாரையும் கேட்காதீர்கள். கேழ்வரகு விளையும் மாதங்கள்தான் யானை இறங்கும் மாதங்கள். அவர்களுடைய ஓர் ஆண்டு உழைப்பு அந்தக் கம்பிக்குள் இருக்கிறது. எஞ்சியிருக்கும் துடிப்பை ரிக்கின் நாய்ஸ் பிளாங்கர் நன்றாகவே வெட்டிவிடும். குறுகிய துடிப்புக்கென்றே உருவானது அது. வேலி நேரடி மின்இணைப்பில் ஓடுவதாகச் சந்தேகம் எழுந்தால் அருகிலேயே போக வேண்டாம்.

டக் டக் இல்லை, தொடர்ந்து 'ஸ்ஸ்'னு இரைச்சல். எங்கேயிருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை இறக்குங்கள். இரைச்சல் நின்றால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறான். ஒவ்வோர் ஃபியூஸாக ஏற்றிப் பார்த்தால் எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், யு.பி.எஸ்., வைஃபை ரூட்டரின் அடாப்டர் ஆகியவற்றில் ஒன்று மாட்டும். யு.பி.எஸ். இருக்கும் வீட்டில் மெயினை இறக்கினாலும் அது தானாக ஓடத் தொடங்கும் என்பதால் அதையும் தனியாக அணைக்க மறக்க வேண்டாம். நின்றுபோகாவிட்டால் டிரான்சிஸ்டரோடு தெருவில் நடக்க வேண்டும். கோடையை ஒட்டிய வறண்ட மாதங்களில் மின்கம்பத்தின் இன்சுலேட்டரில் தூசி படிந்து பொறி கசிவதும் உண்டு. கம்பத்தின் எண்ணைக் குறித்து லைன்மேனிடம் சொல்லுங்கள், நீங்கள் கம்பத்தைத் தொடவோ தட்டவோ கூடாது.

இரைச்சல் பெரும்பாலும் கோஆக்ஸின் வெளி உறை வழியாகத்தான் ரிக்குக்குள் நுழைகிறது. 31 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, ஆன்டெனாவின் அடியில் ஒன்றும் ரிக்கின் பக்கத்தில் ஒன்றுமாக வையுங்கள்.

பெவரேஜ் ஆன்டெனான்னு சொல்றாங்களே, அது நமக்குச் சரிப்படுமா?

இடம் இருந்தால் அதைவிடச் சரிப்படுவது வேறில்லை. ஹெரால்டு பெவரேஜ் உருவாக்கிய இந்தக் கேட்பு ஆன்டெனாவைக் கொண்டுதான், 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரம் அடித்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்த அமெரிக்க அமெச்சூர்களின் ஒலிகளைக் கேட்டார். அமைப்பு மிகவும் எளிது. இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் உயரத்தில், கேட்க விரும்பும் திசையை நோக்கி நேராக ஓடும் ஒரே கம்பி; தூர முனையில் சுமார் 450 ஓம் தடை வழியாக நில இணைப்பு; அருகு முனையில் 9:1 மின்மாற்றி, அங்கிருந்து கோஆக்ஸ். டாப் பேண்டுக்கு 160 மீட்டர் நீளம் இருந்தால் நல்லது.

இங்கே ஒரு மகிழ்ச்சியான செய்தி இருக்கிறது. ரேடியல் கேள்வியில் நம்மை வாட்டிய அதே வறண்ட செம்மண்ணும் பாறையும் பெவரேஜுக்கு உகந்தவை, ஏனென்றால் அலையின் முகப்பு ஏழை மண்ணின் மேல் செல்லும்போது முன்னோக்கிச் சாய்வதை வைத்தே அந்தக் கம்பி வேலை செய்கிறது. தர்மபுரியிலிருந்து நடு ஐரோப்பா வடக்கிலிருந்து சுமார் 319 பாகையிலும், அமெரிக்காவின் கிழக்குக் கரை 336 பாகையிலும் இருப்பதால், வடமேற்கு நோக்கிய ஒரே கம்பி இரண்டுக்கும் உதவும். ஜப்பானுக்கு 56 பாகை, அதாவது வடகிழக்கு. வரப்பு ஓரமாகச் சவுக்குக் கழிகளை நட்டு அதன் மேல் கம்பியை ஓட்டலாம். வண்டித்தடத்தைக் கடக்கும் இடத்தில் உயரத்தைக் கூட்டி, கண்ணில் படும் துணியைக் கட்டிவையுங்கள். பாறையில் ராடு இறங்காவிட்டால் இரண்டு முனையிலும் சில மீட்டர் நீளக் கம்பிகள் இரண்டை மண்ணில் கிடத்தினால் போதும்.

நான் டவுன்ல குடியிருக்கேன் அண்ணா. 160 மீட்டர் நீளத்துக்கு எங்க போறது?

மாடியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கம்பிச் சுருளை ஒரு பி.வி.சி. குழாயில் பொருத்தி, மாறும் மின்தேக்கியால் ஒத்திசைத்துக் கையால் திருப்புங்கள். அது ஒலியைக் கூட்டித் தராது. ஆனால் ஒரு திசையில் ஆழமான குழி, அதாவது ஏறக்குறைய எதுவும் கேட்காத பக்கம், இருப்பதால், அந்தக் குழியை இரைச்சல் வரும் பக்கம் திருப்பி அதை அமிழ்த்தலாம். ஒலி மெலிவதைக் கண்டு கலங்காதீர்கள். இரைச்சல் அதைவிட அதிகமாக மெலிந்தால் வென்றவர் நீங்கள்தான். ஒலிபரப்புக்கு, பள்ளி விடுமுறை நாளில் உறவினரின் தோப்புக்கு நிலையத்தையே கொண்டுபோவது இன்னும் நல்ல வழி.

ரிக்ல ப்ரீஆம்ப் போட்டா நல்லாக் கேக்குமா?

லோ பேண்டில் வேண்டாம். இந்த பேண்டுகளில் ஆன்டெனாவிலிருந்து வரும் இயற்கை இரைச்சலே ரிக்கின் உள் இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம். உள்ளே வருவதைப் பெருக்கும் ப்ரீஆம்ப், இரைச்சலையும் ஒலியையும் சேர்த்தே தூக்கி ரிக்கைத் திணறடிக்கும். ப்ரீஆம்பை அணைத்து, உள்ளே வருவதைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை ஒரு படி போட்டு, ஆர்.எஃப். கெயினைப் பின்னணி இரைச்சல் மெல்லக் கேட்கும் அளவுக்கு இறக்குங்கள். மோர்ஸுக்கு 400 அல்லது 500 ஹெர்ட்ஸ் வடிகட்டி போதும். 250க்குக் கீழே போனால் இரைச்சலே மணியோசை போல ஒலித்து ஏமாற்றும். பெவரேஜ், சுருள் போன்ற மெலிந்த கேட்பு ஆன்டெனாக்களுக்கு மட்டும் ப்ரீஆம்ப் நியாயமானது.

எனக்கு மோர்ஸ் அவ்வளவா வராது. கம்ப்யூட்டர்தான் அனுப்புமே, சமாளிச்சுடலாமா?

அனுப்புவதைப் பதிவு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கேட்பதை உங்கள் காதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரைச்சலில் மூழ்கி எழும் ஒலியை இயந்திரத்தைவிடப் பழகிய காது நன்றாகப் பிரிக்கிறது. ஆறுதலான செய்தி என்னவென்றால், சிக்யூ வேர்ல்டு வைடு போட்டித் தொடர்பில் வருபவை ஒரு கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்), 599 என்ற ஒலித்தர அறிக்கை, மண்டல எண் ஆகியவை மட்டுமே. ஐரோப்பா பெரும்பாலும் 14, 15, 16, 20 ஆகிய மண்டலங்களில் அடங்கும். இந்த எண்களின் ஓசையையும் கால்சைன்களின் ஓசையையும் தினம் 20 நிமிடம் கேட்டுப் பழகினால் மூன்று மாதத்தில் கை கொடுக்கும். கணினியே அனுப்பிக் கேட்கும் எஃப்டி8 முறைத் தொடர்புகள் இந்தப் போட்டிகளில் செல்லாது.

ஓசூர் நண்பர் ஸ்டூ பெர்ரி போட்டியில எம்கே82ன்னு கொடுக்குறார். நான் கிருஷ்ணகிரியில எம்கே92ன்னு கொடுக்கிறேன். யார் சரி?

இருவரும் சரி. இந்தப் போட்டியில் தொலைவைக் கணக்கிட ஒவ்வொருவரும் தம் இருப்பிடக் கட்டத்தைச் சொல்கிறார்கள்; உலக வரைபடத்தைப் பிரிக்கும் மெய்டன்ஹெட் என்ற இந்தக் கட்டங்களின் எல்லை 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் விழுகிறது. அந்தக் கோடு நம் இரு மாவட்டங்களின் ஊடாகவே போகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் எம்கே92 கட்டத்தில் உள்ளன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் எம்கே82 கட்டத்தில் உள்ளன. இராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் இருப்பவர்கள் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஆன்டெனா நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கைபேசி வரைபடத்தில் பார்த்துவிட்டே கட்டத்தைச் சொல்ல வேண்டும்.

ராத்திரி முழுக்க உக்கார முடியாது. எந்த நேரத்துல யாரைத் தேடணும், எப்போ தூங்கலாம்?

ஜனவரி இறுதியில் நமக்குச் சூரியன் மறைவது சுமார் 6.15 மணி. அப்போதிலிருந்து ஜப்பானும் கிழக்கு ஆசியாவும் கேட்கும். இரவு 8.30 மணியை ஒட்டி அமெரிக்க மேற்குக் கரையில் பொழுது விடியும் நேரம் என்பதால், பாதை திறந்தால் அப்போதுதான் திறக்கும். 9.30 மணியிலிருந்து மேற்கு ஐரோப்பாவிலும் இருள் சூழ்ந்து பேண்ட் நிறையும். அதிகாலை 4 மணியிலிருந்து 6.45 வரை ஐரோப்பாவின் உச்ச நேரம். அதன் கடைசி அரை மணியில், அங்கே இரவு 8 மணியாக இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரையும் சில நிமிடங்கள் எட்டிப் பார்க்கலாம். ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் அந்த ஓர் ஒலிக்காக நான் பல காலைகள் காத்திருந்திருக்கிறேன்.

உறங்குவதற்கு ஏற்றது பகல். சனி காலை 8 மணிக்குப் படுத்து மதியம் எழுவதும், இரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இன்னோர் உறக்கமும் எனக்குப் பொருந்துகின்றன. உங்களுக்கு எது பொருந்தினாலும், உதயத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை மட்டும் உறக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நடு ராத்திரியில கரண்ட் போயிடுச்சுன்னா?

100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று போதும். 100 வாட் ரிக் கேட்கும்போது சுமார் 1.5 ஆம்பியரும், மோர்ஸ் அனுப்பும்போது சராசரியாக 10 ஆம்பியர் அளவும் இழுக்கும். பாதி நேரம் அனுப்பினால் சராசரி 6 ஆம்பியருக்குள் அடங்கும்; பேட்டரியின் பாதிக் கொள்ளளவை மட்டும் பயன்படுத்தினாலும் 8 மணி நேரம் தாங்கும். இரவு முழுவதும் பேட்டரியிலேயே ஓட்டிப் பகலில் ஏற்றிக்கொள்பவருக்கு, பவர் சப்ளையின் இரைச்சலும் இல்லாமல் போகிறது.

இடி இடிக்கிறப்போ ரிக்கை ஆஃப் பண்ணினாப் போதுமா?

போதாது. கோஆக்ஸைக் கழற்றி, அதன் முனையை வீட்டுக்கு வெளியே, நில இணைப்புள்ள பெட்டியில் விட வேண்டும். அக்டோபர், நவம்பர் போட்டிகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், ரிக்கில் படபடவென்ற ஒலி நெருங்கினாலே எழுந்து கழற்றிவிடுங்கள். அந்தப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். ஜனவரி, பிப்ரவரியில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

சந்தேகமா விழுந்த கால்சைனைப் போட்டி முடிஞ்சு இணையத்துல பார்த்துத் திருத்திக்கலாமா?

கூடாது. போட்டி முடிந்த பிறகு தரவுத்தளத்தையோ ஒலிப்பதிவையோ பார்த்துக் கால்சைனைத் திருத்துவதை சிக்யூ வேர்ல்டு வைடு விதிகள் தடுக்கின்றன. தவறாகப் பதிந்தால் தொடர்பும் போகும், தண்டப் புள்ளியும் கழியும். ஆகவே ஐயம் இருந்தால் அங்கேயே, அப்போதே, ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்; அரிய மண்டலத்தின் கேள்விக்கு எவரும் சலிக்காமல் பதில் சொல்வார்கள். பதிவுக் கோப்பை 5 நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும்.

போட்டி முடிஞ்சதும் ரேடியலை அப்படியே விட்டுடலாமா?

உழவு நிலமாக இருந்தால் விடக் கூடாது. ரோட்டவேட்டர் ஒரு கம்பியைப் பற்றினால் தட்டோடு எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ளும். அறுந்த துண்டை மாடு மென்றுவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. பிப்ரவரிப் போட்டி முடிந்த திங்கள் மாலையே சுருட்டத் தொடங்குங்கள். நான் ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் எண் எழுதிய டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறேன். 24 விரித்தால் 24 எண்ணி எடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன். ஒருமுறை 17ஆம் எண் கிடைக்காமல் டார்ச் விளக்கோடு தேடி, வரப்போரத்து அறுகம்புல்லுக்குள் அதைக் கண்டெடுத்தபோது இரவு 9 மணி.